யார் பிழைத்தார், யார் பிழைக்கவில்லை

வங்கக் கடலோரம்: வரலாற்றுத் தொடர் – 11

சென்ற வாரம் 1864-ம் ஆண்டின் கல்கத்தாப் புயலையும், அதற்குப் பின் 1875-ல் இந்திய வானிலைத் துறை பிறந்ததையும் பார்த்தோம். துறை பிறந்த மறு ஆண்டே அதே கடல் அதைச் சோதித்தது. 1876 அக்டோபர் 31 இரவு, மேக்னா ஆறு கடலில் கலக்கும் பாக்கர்கஞ்ச் மாவட்டத்துக்குள் புயலோடு கடலும் ஏறி வந்தது. வெள்ளத்தில் போனவர்கள் ஏறத்தாழ 1 லட்சம் பேர். அடுத்த மாதங்களில் காலராவும் பட்டினியும் கொண்டுபோனவர்கள் இன்னும் 1 லட்சம் பேர்.

அப்போது வங்கத்தின் துணைநிலை ஆளுநர் சர் ரிச்சர்ட் டெம்பிள். தமிழகத்தின் பஞ்ச வரலாற்றைப் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். புயல் முடிந்த சில மாதங்களுக்குள், 1877-ன் தொடக்கத்தில், வைஸ்ராய் லிட்டன் அவரைத்தான் தாது வருஷப் பஞ்சத்தைப் பார்வையிடச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். நிவாரண வேலைக்கு வந்தவர்களின் அன்றாடத் தானியத்தை ஒரு ராத்தலாகக் குறைத்தவர் அவர். அந்தக் கொடுமையான அளவுக்கு ‘டெம்பிள் கூலி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒரே பருவத்தில் வடக்கே தண்ணீர் கொன்றது, தெற்கே தண்ணீர் இல்லாமை கொன்றது. இரண்டு இடத்திலும் செத்தவர்கள் யார் என்று பார்த்தால், நிலமில்லாதவர்களும் கூலிக்காரர்களும் அவர்களுடைய குழந்தைகளும்தான்.

இந்த வாரம் பாக்கர்கஞ்சிலிருந்து 94 ஆண்டுகள் தாண்டி, அதே கரைக்கு வருகிறோம். 1970 நவம்பர். நாட்டின் பெயர் அப்போது கிழக்கு பாகிஸ்தான்.

அந்தக் கரையை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். கங்கையும் பிரம்மபுத்திராவும் மேக்னாவும் ஒன்றுகலந்து கடலில் விழும் இடம் அது. இமயமலையிலிருந்து ஆண்டுதோறும் நூறு கோடி டன் அளவுக்கு வண்டலை அந்த ஆறுகள் சுமந்து வருகின்றன. ஒருபுறம் கரையை அரிக்கும், மறுபுறம் புதுத் திட்டு எழும்பும். அப்படி எழும்பும் திட்டுகளை வங்காளிகள் ‘சர்’ என்கிறார்கள். முதலில் சேறு, அப்புறம் புல், சில ஆண்டுகளில் நெல். போலா, ஹாதியா, மன்புரா என்ற தீவுகள் எல்லாம் இந்த வண்டலின் பிள்ளைகள். பக்கத்தில் நவகாளி மாவட்டம். 1947-ல் காந்தி வெறுங்காலோடு நடந்த நவகாளி என்றால் நம் வாசகர்களுக்கு நினைவு வரும். சாவியின் ‘நவகாளி யாத்திரை’ அந்த நடையைத்தான் எழுதியது.

புதுத் திட்டு எழும்பியதும் அதற்குச் சண்டை எழும்பும். ஜோத்தார் என்று அழைக்கப்பட்ட பெரிய நிலக்காரர்கள் தடியாட்களை இறக்கி மண்ணைப் பிடித்துக்கொள்வார்கள். ஆற்றில் நிலத்தைப் பறிகொடுத்த குடும்பங்கள் குத்தகைக்கோ கூலிக்கோ அவர்களிடம் போய் நிற்கும். வசதி உள்ளவன் உள்ளே, மேட்டில் இருப்பான். இல்லாதவன் விளிம்பில், கடல் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், மூங்கில் தட்டியும் கீற்றும் வைத்து வீடு கட்டுவான். கடல் நீர் வயலுக்குள் வராமல் தடுக்க 1960-களில் கரை நெடுகிலும் மண் அணைகள் எழுந்தன. அன்றாட ஓதத்தை அவை தடுத்தன. அந்த தைரியத்தில் இன்னும் பல குடும்பங்கள் கடலோரம் வந்து குடியேறின. புயல் அலையைத் தாங்கும் உயரம் அவற்றுக்கு இல்லை.

இனி கடல். வங்கக் கடல் வடக்கே போகப் போகப் புனல் மாதிரி குறுகுகிறது. அதன் வடமுனையில் ஆழமும் குறைவு. தெற்கிலிருந்து புயல் தள்ளிக்கொண்டு வரும் தண்ணீருக்கு இரண்டு பக்கமும் விலக இடமில்லை, கீழே இறங்கவும் ஆழமில்லை. மேலே எழும்புவதுதான் வழி. இதோடு ஓதம் சேர்கிறது. சென்னையில் ஏற்ற ஓதத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே ஒரு மீட்டர் அளவு வித்தியாசம் இருந்தாலே அதிகம். மேக்னாவின் வாயில் அது பல மீட்டர். அதனால் அதே வேகமுள்ள புயல் நாகப்பட்டினத்தில் செய்வதைவிட அங்கே பல மடங்கு செய்யும்; அதிலும் ஓதம் ஏறும் நேரத்தில் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

1970 நவம்பர் 12, வியாழக்கிழமை. மறுநாள் முழுநிலவு. நோன்பு மாதத்தின் நடுப்பகுதி. வயலில் ஆமன் நெல் முற்றி நின்றது, அறுவடைக்காக வெளி மாவட்டங்களிலிருந்து கூலியாட்கள் தீவுகளுக்கு வந்திருந்தார்கள். நவம்பர் 8 அன்று கடலில் உருவெடுத்த புயல் வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. கல்கத்தாவிலிருந்து குவைத்துக்குப் புறப்பட்ட ‘மகாஜக்மித்ரா’ என்ற இந்தியச் சரக்குக் கப்பல் அதன் வழியில் அகப்பட்டு 50 பேரோடு மூழ்கியது. அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள் மேலிருந்து புயலைப் படம் எடுத்திருந்தது. வானொலியில் எச்சரிக்கையும் வந்தது.

பலரும் நினைப்பதுபோல ஜனங்கள் எதுவும் தெரியாமல் தூங்கிப்போய்விடவில்லை. மறு ஆண்டு நீல் ஃபிராங்க், எஸ்.ஏ. ஹுசைன் என்ற இரண்டு வானிலை அறிஞர்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் கணக்குப்படி, அந்தப் பகுதியில் 10-ல் 9 பேருக்குப் புயல் வருவது தெரிந்திருந்தது. கெட்டியான கட்டடம் ஒன்றில் போய் ஒதுங்கியவர்கள் 100-ல் ஒருவர்தான்.

ஏன் போகவில்லை என்று கேட்பவர்கள், எங்கே போவது என்று கேட்பதில்லை. சுற்றிப் பத்து மைலுக்கு ஓலை வீடுகள் இருக்கும் தீவில் காறைக் கட்டடம் என்றால் அபூர்வமாக ஒரு பள்ளிக்கூடமோ, மசூதியோ, அரசு அலுவலகமோதான். மழையில், இருட்டில், சேற்றில், கைக்குழந்தையோடும் மாட்டோடும் அங்கே எப்படிப் போவது? போன பிறகு வீட்டில் உள்ள நெல்லுக்கு யார் காவல்? மூன்று வாரத்துக்கு முன், அக்டோபரில், ஒரு புயலுக்கு இதே மாதிரி எச்சரிக்கை வந்து, பயந்த அளவுக்குச் சேதம் ஆகாமல் போயிருந்தது. அந்த அனுபவமும் அவர்களை வீட்டிலேயே இருக்க வைத்தது. 1960 அக்டோபரில் அடுத்தடுத்து இரண்டு புயல்கள் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்ற பிறகு, பாகிஸ்தான் அரசு அமெரிக்கச் சூறாவளி மையத்தின் தலைவர் கார்டன் டன்னை வரவழைத்து ஓர் அறிக்கை வாங்கியிருந்தது. எச்சரிக்கையை எப்படிச் சேர்ப்பது, மக்களை எப்படிக் காப்பது என்று 1961-லேயே எழுதித் தந்துவிட்டுப் போனார். அவருடைய பரிந்துரைகள் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. இடையில் 1963, 1965 என்று கடல் திரும்பத் திரும்ப வந்தது.

நள்ளிரவையொட்டி, ஏற்ற ஓதத்தின் உச்சத்தில், தண்ணீர் வந்தது. காற்று மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டி அடித்தது. சில இடங்களில் அலை 10 மீட்டர் உயரத்தை எட்டியதாக மதிப்பிடுகிறார்கள். வீடுகள் மிதந்து கிளம்பின. தண்ணீர் மேலேறிய சிறிது நேரத்துக்குள் பிடிப்பதற்கு மிஞ்சியவை தென்னையும் கமுகும்தான்.

இரண்டு வாரம் கழித்து டாக்காவிலிருந்து ஒரு மருத்துவக் குழு அங்கே வந்தது. காலரா ஆராய்ச்சிக்கூடத்தில் பணிபுரிந்த ஆல்ஃப்ரெட் சோமர், ஹென்றி மோஸ்லி என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் அதை நடத்தினார்கள். சோமருக்கு அப்போது 28 வயது. பின்னாளில், வைட்டமின் ஏ கொடுத்தால் குழந்தைச் சாவைக் குறைக்கலாம் என்று இந்தோனேசியாவில் நிறுவி உலகப் புகழ் பெற்றவர் இவர்தான். பேரழிவு நடந்த இடத்தில் உதவி செய்வதோடு நில்லாமல், ஊர் ஊராக எண்ணிப் பார்க்கவும் வேண்டும் என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். அது அன்றைக்குப் புதுமை. வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டார்கள். புயலுக்கு முன்பு இந்த வீட்டில் எத்தனை பேர், இப்போது எத்தனை பேர், போனவர்களின் வயது என்ன, ஆணா பெண்ணா, மாடு இருக்கிறதா, குடிக்க எந்தத் தண்ணீர்? 1971 பிப்ரவரி, மார்ச்சில் இன்னொரு சுற்றும் போனார்கள்.

அவர்கள் எதிர்பார்த்துப் போனது காயங்களும் காலராவும். பெரிய காயங்கள் அதிகம் இல்லை, ஏனென்றால் பெரிதாக அடிபட்டவர்கள் பிழைத்திருக்கவே இல்லை. காலராக் கொள்ளையும் வரவில்லை. 1876-ல் வெள்ளத்துக்குச் சமமாகக் கொன்ற நோய் 1970-ல் ஒதுங்கிப் போனதற்குப் பெரிய காரணம், அந்தக் கிராமங்களில் பெரும்பாலும் குழாய்க் கிணறுகள் இருந்ததுதான். மேலே உப்புத் தண்ணீர் ஓடினாலும் அடியில் இருந்த நல்ல நீர் கெடவில்லை. உயிரைக் கொன்றது கடல், காப்பாற்றியது கைப்பம்பு. அந்தக் கைப்பம்புகளைப் புயலுக்காக யாரும் போடவில்லை.

ஆனால் வேறொன்றை அவர்கள் பார்த்தார்கள். பிழைத்தவர்களில் பலருக்கும் ஒரே மாதிரிப் புண். இரண்டு கைகளின் உட்புறம், மார்பு, தொடையின் உட்புறம் ஆகிய இடங்களில் தோல் உரிந்து, ரணமாகி, சீழ் கட்டியிருந்தது. மற்ற இடங்களில் ஒரு கீறலும் இல்லை. கேட்டபோது எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். இருட்டில், ஓடும் வெள்ளத்தில், மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பல மணி நேரம் தொங்கியிருக்கிறார்கள். அலை உடம்பை மேலும் கீழும் தூக்கித் தூக்கி, சொரசொரப்பான மரத்தோடு தேய்த்திருக்கிறது. மருத்துவர்கள் அதற்குப் ‘புயல் நோய்க்குறி’ என்று பெயர் வைத்து எழுதினார்கள்.

அந்தப் புண் இல்லாதவர்களின் கணக்கைத்தான் நாம் இங்கே நிறுத்திப் படிக்க வேண்டும். ஆய்வு செய்த பகுதி முழுவதற்கும் சராசரியாக 100-க்கு 16 பேருக்கு மேல் செத்திருந்தார்கள். தஜுமுத்தீன் என்ற இடத்தில் மட்டும் 100-க்கு 46 பேர். செத்தவர்களில் பாதிக்கு மேல் 10 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். மக்கள்தொகையில் அவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். அடுத்து முதியவர்கள். எந்த வயதை எடுத்தாலும் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். மிகக் குறைவாகச் செத்தவர்கள் 15 முதல் 49 வயது வரையிலான ஆண்கள்.

மரத்தைப் பிடித்துத் தொங்குவதற்கு வேண்டியது இரண்டு கைகளின் பலம். ஒரு கையில் குழந்தை இருந்தவளுக்கு ஒரு கைதான் மீதி. நீந்தவோ மரம் ஏறவோ பழக்கப்படாமல் வளர்ந்த பெண்கள், காலைச் சுற்றிக்கொள்ளும் சேலையோடு அந்த வெள்ளத்தில் நின்றார்கள். காற்றும் அலையும் எல்லோருக்கும் பொதுவாகத்தான் வந்தன. யார் எங்கே குடியிருக்கலாம், யார் எப்படி வளரலாம், யார் எதைச் சுமக்க வேண்டும் என்று அந்தச் சமூகம் முன்பே போட்டு வைத்திருந்த வரிசைப்படிதான் சாவு நடந்தது. இந்தத் தொடரில் இதுவரை எழுதிய எந்தப் பேரழிவிலும் இவ்வளவு தெளிவாக அந்த வரிசை எண்களில் பதிவாகவில்லை. சோமரும் மோஸ்லியும் 1972-ல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட அந்தக் கட்டுரையைப் பேரழிவுகளைப் பற்றி எழுதுகிற எவரும் படித்தே ஆக வேண்டும்.

அவர்கள் கணக்குப்படி செத்தவர்கள் குறைந்தது 2 லட்சத்து 24 ஆயிரம் பேர். குறைந்தது என்று அவர்கள் அழுத்திச் சொன்னதற்குக் காரணம் உண்டு. குடும்பம் முழுதும் போன வீட்டில் பதில் சொல்ல ஆள் இல்லை. அறுவடைக்கு வந்திருந்த கூலியாட்கள் எந்த வீட்டுக் கணக்கிலும் இல்லை. மற்ற மதிப்பீடுகள் 3 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை போகின்றன. இடையில் உள்ள அந்த வித்தியாசம் எண்ணப்படாமல் போன ஏழைகளின் தொகை. இன்றுவரை உலகில் பதிவான புயல்களிலேயே அதிக உயிர்களைக் கொண்டுபோனது இதுதான்.

அதிபர் யாஹ்யா கான் அப்போது அரசுப் பயணமாகச் சீனாவில் இருந்தார். திரும்பும் வழியில் டாக்காவில் இறங்கி, நவம்பர் 16 அன்று விமானத்தில் இருந்தபடி தீவுகளைப் பார்த்துவிட்டு மேற்கு பாகிஸ்தானுக்குப் போய்விட்டார். முதல் பத்து நாட்களில் பாகிஸ்தான் அரசு நிவாரணத்துக்கு ஒதுக்கியவை ஒரு ராணுவச் சரக்கு விமானமும், பயிருக்கு மருந்து தெளிக்கும் மூன்று சிறு விமானங்களும். மேற்கிலிருந்து ஹெலிகாப்டர்களைக் கொண்டுவர இந்தியா வான்வழி தரவில்லை என்று பாகிஸ்தான் சொன்னது. இந்தியா அதை மறுத்தது. அதற்குள் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்கள் சிங்கப்பூரிலிருந்து வந்தன, அமெரிக்க ஹெலிகாப்டர்கள் வந்தன. தங்கள் சொந்த ராணுவத்துக்கு முன்னால் அயல்நாட்டான் வந்து அரிசி மூட்டை போடுவதை மக்கள் பார்த்தார்கள். பிணங்கள் கரையோரம் கிடந்த அந்த நாட்களில், 1,600 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த தலைநகரம் தங்களை எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்துபோனது.

டாக்காவில் மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். ஏறக்குறைய 90 வயதான மௌலானா பாஷானி தீவுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, பல்டன் மைதானத்தில் பல்லாயிரம் பேர் கூடிய கூட்டத்தில் அதிபரைப் பதவி விலகச் சொன்னார். டிசம்பர் 7 அன்று தேர்தல் நடந்தது. கிழக்கில் இருந்த 162 பொதுத் தொகுதிகளில் ஷேக் முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் 160-ஐ வென்றது. புயல் அடித்த தொகுதிகள் மட்டும் 1971 ஜனவரி 17 அன்று வாக்களித்தன. மார்ச் 25 இரவு ராணுவம் டாக்காவில் இறங்கியது. டிசம்பர் 16 அன்று வங்கதேசம் விடுதலை பெற்றது.

‘ஒரு புயல் ஒரு நாட்டைப் பெற்றது’ என்று எழுதுவது சுலபம். பலர் எழுதியும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1952-ன் மொழிப் போராட்டம், 1966-ல் முஜிப் வைத்த ஆறு அம்சக் கோரிக்கை, 1969-ன் மக்கள் எழுச்சி ஆகியவற்றைத் தாண்டி வந்தவர்கள் அந்த மக்கள். சணல் ஏற்றுமதியில் தாங்கள் ஈட்டிய அந்நியச் செலாவணி எங்கே போகிறது என்று அவர்கள் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவாமி லீக் எப்படியும் வென்றிருக்கும். அந்தத் தேர்தல் முதலில் அக்டோபர் 5-க்குக் குறிக்கப்பட்டிருந்தது. ஆகஸ்ட் வெள்ளத்தால்தான் டிசம்பருக்குத் தள்ளிப்போனது. புயல் புதிய கோபத்தை உண்டாக்கியதாக நான் நினைக்கவில்லை. இருந்த கோபத்துக்கு அது மறுக்க முடியாத சாட்சியைத் தந்தது. வாக்குச் சீட்டைக் கையில் எடுக்கும் நேரத்தில் அந்தச் சாட்சி வந்து நின்றதுதான் வரலாற்றின் தற்செயல்.

அரசு வராத இடத்துக்கு வேறு சிலர் வந்தார்கள். சிட்டகாங்கில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் கணக்குத் துறைத் தலைவராக இருந்த ஃபஸ்லே ஹசன் அபேத், அப்போது 34 வயதுக்காரர். நண்பர்களோடு சேர்ந்து மன்புராத் தீவுக்கு உணவும் துணியும் கொண்டுபோனார். அங்கே கண்டது தம் வாழ்க்கையை மாற்றிவிட்டது என்று பின்னர் பலமுறை சொல்லியிருக்கிறார். வேலையை விட்டார், போர் முடிந்ததும் 1972-ல் ‘பிராக்’ அமைப்பைத் தொடங்கினார். 1980-களில் பிராக்கின் பெண் ஊழியர்கள் 1 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளின் வாசலில் உட்கார்ந்து, மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று வயிற்றுப்போக்குக்கு மருந்து கலக்கத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த வைத்திய முறையை 1968-ல் சோதித்துப் பார்த்ததும் மோஸ்லியின் அதே காலரா ஆராய்ச்சிக்கூடம்தான். ஓவியர் ஜைனுல் ஆபிதீனும் மன்புராவுக்குப் போனார். 1943 வங்கப் பஞ்சத்தை மையில் வரைந்து வைத்தவர் அவர். கரையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த மனித உடல்களையும் மாடுகளையும் ‘மன்புரா 70’ என்ற நீண்ட சுருள் ஓவியமாகத் தீட்டினார்.

புது அரசு அமைந்ததும் இரண்டு வேலைகள் தொடங்கின. முதலாவது, தீவுகளில் உயரமான மண் மேடுகள் எழுப்பினார்கள். ‘முஜிப் கில்லா’ என்று அவற்றுக்குப் பெயர். மாடுகளுக்கும் அங்கே இடம் இருந்தது. மாட்டை விட்டுவிட்டு வர முடியாமல்தான் பலர் செத்தார்கள் என்பதை யாரோ கவனித்திருக்கிறார்கள். இரண்டாவது, செஞ்சிலுவைச் சங்கத்தோடு சேர்ந்து 1972-ல் தொடங்கிய புயல் தயார்நிலைத் திட்டம். அரசு ஊழியர்களை நம்பாமல் அந்தந்த ஊர்க்காரர்களையே தொண்டர்களாக எடுத்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் டிரான்சிஸ்டர் வானொலி, கையால் சுற்றும் சங்கு, ஒலிபெருக்கி, சிவப்புக் கொடிகள். அபாயம் ஏற ஏறக் கொடி ஒன்று, இரண்டு, மூன்று என்று உயரும். டாக்காவின் வானொலிக் குரலை நம்பாதவன்கூடப் பக்கத்து வீட்டுப் பையன் மழையில் நனைந்துகொண்டு ஒலிபெருக்கியோடு வாசலில் நின்றால் நம்புவான். கார்டன் டன்னின் அறிக்கை எழுதப்பட்டுப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆனால் எச்சரிக்கை மட்டும் போதாது என்பதை 1991 ஏப்ரல் 29 காட்டியது. இம்முறை கிழக்கே, சிட்டகாங், சந்துவீப், குதுப்தியா பக்கம். தொண்டர்கள் ஊரூராகச் சொன்னார்கள். மக்கள் கேட்டார்கள். போய் ஒதுங்கும் அளவுக்குப் புகலிடங்கள் இல்லை. ஏறத்தாழ 1 லட்சத்து 38 ஆயிரம் பேர் செத்தார்கள். இரண்டு மாதம் கழித்து ஓர் ஆய்வுக் குழு 1,123 பேர் வாழ்ந்த வீடுகளில் சோமரின் வழியிலேயே கேள்வி கேட்டது. காறைக் கட்டடத்தையோ செங்கல் கட்டடத்தையோ அடையாதவர்களில் 100-க்கு 22 பேர் செத்திருந்தார்கள். அடைந்தவர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை. 10 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 26, நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 100-க்கு 31. இருபது ஆண்டுகள் கடந்தும் வரிசை மாறவில்லை.

இந்த எண்களைப் பார்த்த பிறகு வாதாட எதுவும் இல்லை. பொறியாளர் ஜமிலுர் ரெசா சௌத்ரி தலைமையிலான குழு புகலிடங்களுக்குத் திட்டம் தீட்டியது. வருடம் முழுவதும் பள்ளிக்கூடமாக இயங்கி, புயலன்று புகலிடமாகும் கட்டடங்கள், அலை அடியில் புகுந்து போகும்படி தூண்கள் மேல் எழுந்தன. பெண்கள் ஏன் வரவில்லை என்றும் கேட்டார்கள். அந்நிய ஆண்களோடு இரவெல்லாம் ஒரே கூடத்தில் இருக்கக் கூசினார்கள். கழிப்பறை இல்லை. வீட்டுக்காரர் வெளியூரில் இருக்கும்போது யாரைக் கேட்டு வீட்டை விட்டுப் போவது என்று தயங்கினார்கள். தனி அறைகளும் கழிப்பறைகளும் வந்தன. பெண்களைத் தொண்டர்களாகச் சேர்த்தார்கள். ஒரு பெண் வந்து கூப்பிட்டால் இன்னொரு பெண் கிளம்புவாள். இன்று அந்தத் திட்டத்தில் 76 ஆயிரம் தொண்டர்கள்; அதில் பாதிப் பேர் பெண்கள்.

2007 நவம்பரில் வந்த சிதர், 1970-க்குக் குறைந்த புயல் அல்ல. செத்தவர்கள் சுமார் 3,400 பேர். 2020-ல் அம்பன் வந்தபோது, கொரோனாவுக்கு நடுவிலும், வங்கதேசம் 24 லட்சம் பேரை அப்புறப்படுத்தியது. அங்கே உயிரிழந்தவர்கள் 30 பேருக்கும் குறைவு. பணக்கார நாடு ஒன்று இதைச் செய்திருந்தால் உலகமே பாடமாக வைத்திருக்கும்.

உயிர் பிழைப்பது வேறு, பிழைப்பு நிலைப்பது வேறு. 2009 மே மாதம் ஐலா புயலில் சாவு குறைவு. ஆனால் தென்மேற்குக் கரையில் மண் அணைகள் உடைந்து, ஓதத்துக்கு ஓதம் உப்புநீர் வயலில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. அணைகளை அடைக்க ஓராண்டுக்கும் மேலானது. அதுவரை ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அணை மேட்டிலேயே கூடாரம் போட்டுக் கிடந்தன. நெல் விளையாத நிலத்தை இறால் பண்ணைக்காரர்கள் குத்தகைக்கு எடுத்தார்கள். பலர் டாக்காவின் சேரிகளுக்கு ரிக்‌ஷா மிதிக்கப் போனார்கள். சாவுப் பட்டியலில் இவர்கள் பெயர் வராது. புயலின் கணக்கைச் சாவோடு முடித்துக்கொள்ளும் பழக்கத்தை எழுதுகிற நாமும் விட வேண்டும்.

சிதருக்கு ஆறு மாதம் கழித்து, 2008 மே 2 இரவு, அதே வங்கக் கடலின் கிழக்குக் கரையில், பர்மாவின் ஐராவதிக் கழிமுகத்தில் நர்கீஸ் புயல் ஏறியது. அங்கே ஒலிபெருக்கியோடு வாசலுக்கு வர யாரும் இல்லை. செத்தும் காணாமலும் போனவர்கள் 1 லட்சத்து 38 ஆயிரம் பேர். வெளிநாட்டு உதவியாளர்களுக்கு விசா தராமல் இழுத்தடித்த ராணுவ ஆட்சி, எட்டாம் நாள் அரசியல் சட்டத்துக்கான பொது வாக்கெடுப்பை நடத்தியது. நம் செட்டியார்கள் கடன் கொடுத்து நெல்வயலாக்கிய கழிமுகம் அது. அங்கிருந்த காடு எப்படி வயலானது, வயலான பின் கடலுக்கும் ஊருக்கும் நடுவே என்ன மிஞ்சியது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)